வரப்பு தாண்டாத உரம்

செவ்வாய்க் கிரகத்தில் காலை மழையைத் திறந்துவிடும்போதெல்லாம் ஆவுடையப்பன் வரப்பில் போய் நின்றுகொள்வார், தன் பங்கு மழை தங்கை வயலுக்குத் தெறிக்கிறதா என்று பார்க்க. ஊரை மூடிய கண்ணாடிக் கவிகைக்குள் குழாய் திறந்து பெய்யவிடும் மழை பொதுச்சொத்து. அது அவருக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் போகம் நெல்லில் இலைக்கருகல் விழுந்தது. பூமியிலிருந்து விதையோடு ஒட்டிக்கொண்டு வந்த பாக்டீரியா சனியன். மழைத்துளி தெறித்த இடமெல்லாம் பரவும். விளைந்தால்தான் வீட்டுக்கு ஒரு வருஷச் சோறு. மருந்து ஒன்றுதான் உண்டு, நானோ உரம். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் வேர் வழியே ஏறிப் பயிருக்கு ஊட்டமும் கொடுக்கும், பாக்டீரியாவையும் தேடிக் கொல்லும். சொன்ன எல்லையைத் தாண்டாத புத்தியும் அவற்றுக்கு உண்டு.

தங்கை பேராச்சி வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். "யண்ணே, ரெண்டு வயலுக்கும் சேத்து மருந்து எறக்குவோம். பாதிச் செலவு என்னது, தனியா எறக்க எனக்குக் கட்டாது. நோய் வரப்பு பாத்தா வருது?"

"ஏட்டி, ஒன் வயலு கருகுனா எனக்கென்ன? எம் மருந்துல ஒரு பொட்டு ஒன் மண்ணுல விழக்கூடாது!"

"நல்லாரு" என்றாள் அவள். வாழ்த்தாகச் சொல்லவில்லை.

உரம் தூவும் இயந்திரத்தையும் அவர் மிரட்டினார். "தங்கச்சி நெலத்துக்குள்ள ஒரு துகள் போச்சு, ஒன்ன ஒடச்சிப் போடுவேன்." இயந்திரம் சரி என்றது. குடியேறிய அன்று அரசு அளந்து கொடுத்த எல்லையைத் துகள்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

பேராச்சி வயல் கருகியது. இவர் வயல் பச்சை கட்டியது. ஆனால் வரப்பை ஒட்டி, இவர் பக்கத்திலேயே, ஒரு நீளப் பட்டை மட்டும் மஞ்சளாகிக் கருகியது. அங்கே பெருகிய பாக்டீரியா ஒவ்வொரு மழைக்கும் உள்ளே பாய்ந்தது. துகள்கள் கொன்று கொன்று ஓய்ந்தன.

"ஏ தகரம்! அந்தப் பட்டையில ஏன் வேலை செய்யல?"

"அது உங்கள் நிலம் இல்லை ஐயா. பேராச்சி அம்மாளுடையது."

ஆவுடையப்பன் வரப்பைத் திரும்பிப் பார்த்தார். போகத்துக்குப் போகம் வரப்பைச் சீவிச் சீவித் தன் பக்கம் சேர்த்துக்கொண்ட மகராசன் அவர்தானே! பூமியில் அவர் அப்பாவும் இதைத்தான் செய்தார். ராக்கெட் ஏறும்போது வீடு, மாடு, கோயில் எல்லாவற்றையும் விட்டுவந்தவர் இதை மட்டும் விடவில்லை. இப்போது ஊரே பார்க்கும்படி உண்மையான எல்லையை நோய் கோடு போட்டுக் காட்டிவிட்டது.

"பட்டை அம்மாளுடையது என்று ஒப்புக்கொண்டு அனுமதி வாங்குங்கள். அங்கேயும் துகளை விடுகிறேன், மற்ற பயிர் பிழைக்கும். இல்லையென்றால் அடுத்த மழையோடு எல்லாம் போய்விடும்" என்றது இயந்திரம்.

வரப்புக்கு அந்தப் பக்கம் பேராச்சி இடுப்பில் கைவைத்து நின்றாள். "'ஒன் நெலம்'னு ஒரு வார்த்தை சொல்லு அண்ணே. இப்பமே சரிங்கேன்."

அவர் பயிரைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார்.

"எவன் சொன்னது? அது எங்க அப்பன் எனக்குத் தந்த நெலம்!"

அவர் அப்பா செவ்வாயில் கால் வைத்ததே இல்லை.

அடுத்த மழையில் மிச்சப் பயிரும் கருகியது. மறுநாள் ஆவுடையப்பன் மண்வெட்டியோடு வந்தார். கருகிய நெல்தாளைக் கொத்தி எடுக்கத்தான் வருகிறார் என்று இயந்திரம் நினைத்தது. அவர் நேரே வரப்புக்குப் போய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு சீவு சீவினார்.