குழாயைக் கடித்த அணில்

அப்பா நடந்தால் அவர் சட்டைப் பை கடகடவென்று சத்தம் போடும். உள்ளே காசு என்று யாரும் பொறாமைப்பட வேண்டாம். எல்லாம் பிளாஸ்டிக் ஜாயின்ட்.

தர்பூசணித் தோட்டத்தில் போட்டிருந்த சொட்டுநீர்க் குழாய்களை அணில் கடித்து வைக்கும். அப்பா கடிபட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனைகளையும் ஒரு ஜாயின்ட்டில் சொருகுவார். மறுநாள் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை இருக்கும்.

அந்தப் பக்கம் மழை ஒரு விருந்தாளி மாதிரி. சொல்லிக்கொண்டு வராது, வந்தாலும் தங்காது. கிணற்றில் ஊறுவதும் கொஞ்சம்தான். அதனால்தான் அப்பா பழைய வாய்க்காலை மூடிவிட்டு, செடிக்குச் செடி சொட்டு விழுகிற மாதிரி குழாய் போட்டிருந்தார். ஈரம் காயாமல் இருக்க மேலே வைக்கோலும் பரப்பியிருந்தார். வழியில் ஓர் ஓட்டை விழுந்தால் தண்ணீர் அங்கேயே பீறிட்டுப் போய்விடும். வரிசையின் கோடியில் இருந்த கொடிகள் ஏற்கெனவே துவள ஆரம்பித்திருந்தன.

"இனிமே பொறுக்க முடியாது. நாளைக்குச் சந்தைக்குப் போறப்ப மருந்து வாங்கிட்டு வந்துடறேன்," என்றார் அப்பா, சாப்பிடும்போது.

என்ன மருந்து என்று குண்டூசி கேட்கவில்லை. தெரியும். குண்டூசி அவருடைய மகள். ஆள் ஒல்லி, எதைப் பார்த்தாலும் குத்திக் குத்திக் கேள்வி கேட்பாள். அதனால் வந்த பெயர் அது. அன்று ஒன்றும் கேட்காமல் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டுமேப்பா," என்றாள் கடைசியில்.

"அது பாட்டுக்கு இருந்தா நானும் என் பாட்டுக்கு இருப்பேனே. இந்தப் பழம் போச்சுன்னா அடுத்த விதைக்கே வழியில்லைம்மா."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் சங்கடம்.

மறுநாள் பள்ளி விடுமுறை. அப்பா சந்தைக்குப் போனதும் குண்டூசி தோட்டத்து மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். சும்மா இருப்பது அவளுக்குப் பெரிய தண்டனை. எறும்பு கடித்தது. கால் மரத்துப் போனது. அப்படியும் அசையவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஓர் அணில் இறங்கியது. பழத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் குழாய்க்குப் போய்க் கடித்தது. மோட்டார் ஓடவில்லை, உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் மெல்லக் கசிந்தது. அணில் ஓட்டையில் வாயை வைத்து நக்கியது, நக்கியது, நக்கிக்கொண்டே இருந்தது.

குண்டூசி சுற்றிலும் பார்த்தாள். வாய்க்கால் இல்லை. வைக்கோல் மேலே ஈரம் இல்லை. கிணற்றுத் தண்ணீரோ எங்கோ ஆழத்தில். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு வாய் தண்ணீர் இல்லை.

வீட்டுக்கு ஓடினாள். குடத்துத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்போதுதான் மோட்டார் கொட்டகை ஞாபகம் வந்தது. அப்பா தினமும் தண்ணீரை வடிகட்டும் பில்டரைக் கழற்றி ஒரு வாளியில் கழுவிவிட்டு, அந்தச் சேற்றுத் தண்ணீரை வழியில் கொட்டுவார். இன்று அவசரத்தில் கொட்டாமலே போயிருந்தார். சேறு அடியில் தங்கியிருந்தது.

மேலாக மொண்டு, உடைந்த பானையின் அடிப்பாகத்தில் ஊற்றினாள். அணில் விழுந்தால் ஏறி வர நடுவில் ஒரு கல்லும் போட்டாள். முதலில் குழாய்க்குப் பக்கத்திலேயே வைத்தாள். அணில் வரவே இல்லை. தலைக்கு மேலே பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது. பானையை மரத்தடிக்கு நகர்த்தினாள். கொஞ்ச நேரத்தில் வால் ஒன்று தலைகீழாக இறங்கியது.

சாயங்காலம் அப்பா கையில் பொட்டலத்தோடு வந்தார். குண்டூசி வாசலிலேயே வழிமறித்து, பார்த்ததை எல்லாம் சொன்னாள்.

"முன்னாடி அது வாய்க்கால்ல குடிச்சுதுப்பா. நாம ஒரு சொட்டுகூட வீணாகாம மூடிட்டோம். அதோட பங்கும் சேர்ந்து போயிடுச்சு."

"செடிக்கே பத்தலை. இதுல அணிலுக்கு வேறயா?"

"நீங்க வழியில கொட்டற தண்ணிதான்பா அது."

அப்பா பொட்டலத்தைப் பிரிக்காமல் பரண்மேல் வைத்தார். நாளைக்கும் ஓட்டை விழுந்தால் பிரித்துவிடுவேன் என்றார்.

மறுநாள் ஓர் ஓட்டை இருந்தது.

குண்டூசி குழாய் நெடுக ஓடினாள். அப்புறம்தான் கவனித்தாள், ஓட்டை விழுந்தது தோட்டத்தின் மறுகோடியில். அங்கே இன்னொரு மரம்.

"இது வேற அணில்பா. இதுக்கு விஷயம் தெரியாது."

"ஓ. இவருக்குத் தகவல் போகலையாக்கும்," என்றார் அப்பா. முகத்தைக் கடுகடுவென்றுதான் வைத்திருந்தார். ஆனால் வாய் ஓரம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "சரி, அங்கேயும் ஒண்ணு வை. பார்ப்போம்."

அன்றிலிருந்து ஓட்டை விழவில்லை. கோடியில் துவண்டிருந்த கொடிகள் மெல்லத் தலை தூக்கின. ஒரு சந்தை நாளில் பரண்மேல் இருந்த பொட்டலம் பிரிக்கப்படாமலே கடைக்குத் திரும்பிப் போனது.

பிறகு ஒரு நாள் காலையில் குண்டூசி குவளையோடு தோட்டத்துக்குப் போனாள். பானை ஏற்கெனவே நிறைந்திருந்தது. தண்ணீரில் கலங்கலே இல்லை. பக்கத்தில் அப்பா குந்தி உட்கார்ந்து, வடிகட்டிய துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"சேத்தோட குடிச்சா அதுக்கு வயிறு வலிக்காதா?" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

எழுந்து விறுவிறுவென்று நடந்தார். சட்டைப் பை சத்தமே போடவில்லை.