டவர் கிடைக்கும் மூலை

"இறங்குங்க கீழே!"

நெரிடா பிக்கப் வண்டியை முழுசாக நிறுத்தக்கூட இல்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினாள்.

லாரியில் மாடேற்றும் மேடையின் உச்சியில் ஒருவன் நின்றிருந்தான். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சட்டை, கசங்காத தொப்பி, மண் படாத பூட்ஸ்... கைப்பிடிக் கட்டையின் மேல் நாலு செல்போன்களை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தான்.

"என்னையா சொல்றீங்க?"

"பின்னே, அந்தக் காக்காவையா?"

அவள் தடதடவென்று மேடையில் ஏறினாள். ஹாலட் பண்ணை முழுக்கத் தேடினாலும் டவர் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். அந்த மேடையின் கிழக்கு மூலை. டவுனில் இருக்கிற டவர் கண்ணுக்கெட்டாத தொலைவு. அங்கே நின்றால் ஒரு கோடு வரும், நல்ல நாளாக இருந்தால் இரண்டு. வீட்டு சாட்டிலைட் இணையமோ மாதக் கடைசியில் நத்தையாகிவிடும். இன்று மாதக் கடைசி. இணைய ஏலத்தில் அவள் இரண்டு வாரமாகக் கண் வைத்திருந்த செவலைக் காளைக்கு ஏலம் முடிய இன்னும் சில நிமிடங்கள்தான் இருந்தன.

"நான் கீரன். டெலிபோன் கம்பெனி. 4ஜி டவர் எங்க வைக்கலாம்னு சிக்னல் அளக்க வந்திருக்கேன். பேரி ஹாலட்னு ஒருத்தர் போன்ல சரின்னு சொன்னாரு..."

"அது எங்கப்பா. டிவியில கிரிக்கெட் ஓடினா எதுக்கும் சரின்னுதான் சொல்வாரு. தள்ளுங்க!"

அவன் தள்ளினான். தள்ளுவதற்குப் பெரிதாக இடமில்லை. தோளோடு தோள் உரசாமல் இருவரும் நிற்க முடியாத மூலை அது. அவள் போனைத் தலைக்கு மேல் உயர்த்தினாள். வட்டம் சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்களேன்" என்றான் மெதுவாக. "உங்க உடம்புதான் சிக்னலை மறைக்குது."

"என் உடம்பைப் பத்தி யாரும் உங்ககிட்ட கேட்கலை."

"இல்லைங்க... மனுஷ உடம்புல தண்ணி ஜாஸ்தி, அதனால..."

"வாயை மூடுங்க!"

ஆனாலும் திரும்பினாள். திரும்பிய இடத்தில் அவன் முகம் இருந்தது. மழைக்கு முந்திய வானத்தின் நிறத்தில் இரண்டு கண்கள்... சாம்பலா, நீலமா? 'உனக்கு இப்போ காளை முக்கியமா, கண்ணு முக்கியமா?' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

திரை ஒளிர்ந்தது. ஏலம் முடிந்திருந்தது. காளை வேறு யாருக்கோ போயிருந்தது.

"போச்சு..." அவள் போனை இறக்கினாள். "ரெண்டு கோடு காட்டுச்சே! நான் கேட்ட விலை ஏன் போகல?"

அவன் சமாளித்திருக்கலாம்... வானிலை, தூரம் என்று ஆயிரம் காரணம் இருந்தது. அவளுக்கு எதுவும் தெரியப் போவதில்லை. ஆனால் அவன் அந்த நாலு போன்களைப் பார்த்தான். பிறகு அவளை நேராகப் பார்த்தான்.

"என்னாலதான். வேகம் பார்க்கிறதுக்காக நாலு போனும் ஒரே நேரத்துல இழுத்துக்கிட்டு இருந்துச்சு. இருந்த கொஞ்ச சிக்னலையும் அதுங்களே குடிச்சிடுச்சு. நீங்க ஏறின உடனே நிறுத்தியிருக்கணும், எனக்குத் தோணலை. மன்னிச்சிடுங்க."

திட்டுவதற்கென்று அவள் மூச்சை இழுத்து வைத்திருந்தாள். அந்த மூச்சு வீணாகப் போயிற்று. இப்படி ஒத்துக்கொள்கிறவனை எப்படித் திட்டுவது?

அப்போதுதான் முதல் துளி விழுந்தது. சொட்... அவன் தொப்பியில். சொட்... அவள் மூக்கு நுனியில்.

"ஐயோ, உங்க கார் எங்க நிக்குது?"

"அதோ, ரோட்டை விட்டு அந்தப் பக்கம்..."

"கரிசல் மண்ணுலயா?" நெரிடா சிரித்தே விட்டாள். "அப்போ உங்க மூட்டையைத் தூக்கிக்கிட்டு வாங்க. அந்த வண்டி இந்த வாரம் நகராது."

நகரவில்லை. ஏழெட்டு மாதமாக ஏமாற்றிய வானம் சேர்த்து வைத்துக் கொட்டியது. மேற்கு குவீன்ஸ்லாந்தின் கரிசல் நனைந்தால் சக்கரம் ஒரு சுற்றுக்குமேல் போகாது. மண் அப்பிக்கொண்டு பிடித்துவிடும். நெரிடாவின் அப்பா பேரி, பிரம்பை ஊன்றி நொண்டியபடி வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துக் கும்மாளமிட்டார்.

"மழையைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கிறான் பாரு கண்ணு! இவனுக்குப் பெரிய துண்டா இறைச்சி வை."

"இவரு என் காளையைத் தொலைச்சவருப்பா."

"காளை கிடக்குது, இன்னொண்ணு வாங்கிக்கலாம். ஏம்ப்பா, சீட்டு ஆடுவியா?"

சீட்டாட்டத்தில் அவன் தோற்றான். ரொட்டியைச் சுட்டுக் கருக்கினான். நெரிடாவின் நாய் மட்டும், எவரையும் அண்டவிடாத அந்தக் கிழட்டு நாய், அவன் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. துரோகி என்று அதை முறைத்தாள்.

மழை சற்று ஓய்ந்த காலையில், "எனக்கு அந்தக் குன்று மேல அளக்கணும்" என்றான் கீரன். வண்டி போகாது. குதிரைதான்.

"ஏறுவீங்களா?"

"பிரிஸ்பேன்ல ஒரு தடவை... கண்காட்சியில..."

"அது மரக்குதிரையா இருக்கும்."

அவன் ஏறிய விதத்தைப் பார்த்து அந்தக் குதிரையே திரும்பிப் பார்த்தது. நெரிடா வழி முழுக்கச் சிரித்தாள். கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

உச்சியில் காற்று ஈரமாக வீசியது. கீழே சமவெளி முழுக்கத் தண்ணீர்த் தகடுகள்... ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம். அவன் போன்களைத் தட்டி வேலை செய்தான். வேலையில் இருக்கும்போது அவன் தடுமாறவே இல்லை. விரல்களில் ஒரு நிதானம், புருவத்தில் ஒரு சிறு சுருக்கம். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

"அதோ தெரியுது பாருங்க, கடைசி வேலி..." அவள் கை நீட்டினாள். "போன வருஷம் அப்பா அங்கதான் வண்டியோட கவிழ்ந்தாரு. கால் உடைஞ்சு கிடக்கிறாரு, பாக்கெட்ல போன் இருக்கு, டவர் இல்ல. சாப்பாட்டுக்கு வரலையேன்னு நான் தேடிப் போனபோது சாயங்காலம் ஆயிடுச்சு. அதான் ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி இந்த டவருக்காக மல்லுக்கு நிக்கிறேன்."

கீரன் போன்களைக் கீழே வைத்தான். அவளை மட்டும் பார்த்தான். அந்தப் பார்வையில் பரிதாபம் இருந்திருந்தால் அவள் வெடுக்கென்று ஏதாவது சொல்லியிருப்பாள். இருந்தது வேறு ஏதோ... அவளுக்குக் கன்னம் சுட்டது.

"இந்தக் குன்று இல்லைன்னா பக்கத்துப் பண்ணை டக் மெக்கின்டயரோட மேடு. ரெண்டுல ஒண்ணு" என்றான் கடைசியில், குரல் மாறி. "எண்கள் என்ன சொல்லுதோ அதைத்தான் எழுத முடியும் நெரிடா."

"நான் வேற எதுவும் கேட்கலையே!"

"நீங்க கேட்கலை..." என்றான். மிச்சத்தைச் சொல்லவில்லை. குதிரையை அவளுக்குப் பின்னாலேயே விட்டுக்கொண்டு இறங்கினான்.

ரோடு காய்ந்ததும் போய்விட்டான். அவள் மாடுகளைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில், அப்பாவிடம் மட்டும் கைகுலுக்கிச் சொல்லிக்கொண்டு.

அடுத்த வாரம் பெட்ரோல் போடப் போன இடத்தில், பக்கத்துப் பண்ணை டக் மெக்கின்டயர் கண்ணைச் சிமிட்டினார். "என்ன நெரிடா, உன் எஞ்சினியர் இந்த ஏரியாவே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு ஓடிட்டானாமே! வேற ஒரு அம்மாதான் அளக்குது. அப்படி என்ன சமைச்சுப் போட்ட?"

"விஷம்" என்றாள் நெரிடா. "கொஞ்சம் மிச்சம் இருக்கு, உங்களுக்கு வேணுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிக்கப்பில் ஏறியதும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஏரியாவே வேண்டாமாமே... அவ்வளவு கசந்துவிட்டதா? 'போனா போகட்டும். நான் என்ன, அவனுக்காகவா பிறந்து வளர்ந்தேன்?' ஆனால் அன்றும் மறுநாளும் நாய் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. அதைத் திட்டக்கூட அவளுக்கு வாய் வரவில்லை.

டவர் இடத்தை அறிவிக்கிற அன்று ஊர்க்கூடம் நிறைந்திருந்தது. தேங்காய்த் துருவலில் புரட்டிய சாக்லெட் கேக்கும், பெரிய பாத்திரத்தில் கொதிக்கும் தேநீரும் ஒரு பக்கம். அளந்து முடித்த எஞ்சினியர் ஹெலன் வாங், ஐம்பது வயது, கறார்ப் பேச்சு, சுவரில் மாட்டிய திரையில் வரைபடத்தைக் காட்டினார். திரையைத் தூக்கி வந்து மாட்டியவன் பின்சுவரோரம் போய் நின்றான். ஆரஞ்சுச் சட்டை இல்லை. ஆனாலும் நெரிடாவுக்கு முதுகாலேயே தெரிந்தது. திரும்பவே இல்லை அவள்.

"மெக்கின்டயர் மேடு" என்றார் ஹெலன். "பள்ளி பஸ் போற ரோடு முழுக்க வரும். ஹாலட் பண்ணையோட கடைசி வேலி வரைக்கும் நல்லா எட்டும்."

கடைசி வேலி வரைக்கும்... பேரி மகளின் கையைத் தட்டிக்கொடுத்தார். போதும். அவள் கேட்டது அதுதான். நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டியவள், எழுந்து நின்றாள்.

"ஒரு கேள்வி. முதல்ல வந்தவரு ஏன் பாதியில விட்டுட்டுப் போனாரு? எங்க ஊர்ல என்ன குறை?"

ஹெலன் கண்ணாடியைக் கழற்றிப் பின்சுவரைப் பார்த்தார். "பதில் அங்க நிக்குது. திரை மாட்ட ஆள் வேணும்னு நான் சொல்லவே இல்ல, அவனாத்தான் வந்தான்."

கீரன் முன்னால் வந்தான். நாற்காலி ஒன்றில் இடித்துக்கொண்டான். ஆனால் பேச ஆரம்பித்தபோது தடுமாறவில்லை.

"ஊர்ல குறை இல்ல. எனக்குத்தான் அளக்கிற தகுதி போயிடுச்சு. குன்று மேல நிக்கும்போது எண்ணைப் பார்க்கணும். நான்... பக்கத்துல நின்னவங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். டவரை அவங்க குன்றுலயே வெச்சிடணும்னு தோணிடுச்சு. அப்படித் தோணினவன் அளக்கக் கூடாது. அன்னிக்கே ஹெலன்கிட்ட ஒப்படைச்சிட்டேன்."

"அதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?" என்றாள் நெரிடா.

"டவர் முடிவாகாம சொன்னா, அது காதலா இருக்காது, பேரம் மாதிரி இருக்கும். இன்னிக்குத்தான் முடிவாச்சு. இப்போ என் கையில ஒண்ணுமே இல்ல நெரிடா... உங்களைப் பிடிச்சிருக்குங்கிறதைத் தவிர."

நெரிடாவுக்குக் காது மடல்வரை சிவந்தது.

"வெளியில போய்ப் பேசலாமா?" என்றாள்.

"இங்கயே பேசும்மா" என்றார் டக். "கேக்கு இன்னும் தீரலை."

சிரிப்பு வெடித்தது. பேரி பிரம்பால் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நெரிடா சுற்றிலும் பார்த்தாள். தன்னைத் தொட்டில் காலத்திலிருந்து தெரிந்த முகங்கள். பிறகு நிமிர்ந்தாள். ஒளிவதற்கு இதில் என்ன இருக்கிறது?

நேராக நடந்து போய் அவன் எதிரில் நின்றாள்.

"நல்லாக் கேட்டுக்கோ. இந்த ஊரே தண்ணிக்காக மழையை வேண்டிக்கிட்டு இருந்துச்சு. நான் மட்டும், ரோடு காயவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்... நீ போயிடக் கூடாதுன்னு. இப்போ எல்லார் முன்னாடியும் சொல்றேன். எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு. ரொம்ப... ரொம்பப் பிடிச்சிருக்கு, கீரன்."

அவன் கண்கள் நிறைந்தன. சாம்பலும் இல்லை, நீலமும் இல்லை. அருகில் பார்த்தால் நடுவில் லேசாகப் பச்சை. இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தபடி, அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.