யானை சிரித்த பொட்டலம்

மதுரையில் தவசி ஒரு பல்பொடிக் கடை வைத்திருந்தார். அவர் பொடியில் பல் தேய்த்தவர்கள் இருட்டில் சிரித்தால் தெருவிளக்கே வேண்டாம் என்பார்கள். அது கொஞ்சம் கூடுதல்தான். ஒரு விளக்காவது வேண்டும்.

பொட்டலத்தின் மேல் ஒரு யானை, மனிதர்களைப் போல வரிசைப் பல்லைக் காட்டிச் சிரிக்கும். அதை வரைந்தவள் தவசியின் மகள் ஒச்சாயி. வயது எட்டு. யானைக்கு அப்படிப் பல் கிடையாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டாள்.

ஒருநாள் வண்டிக்காரர் சின்னான் கோபமாக வந்தார். பல்லெல்லாம் செக்கச்செவேல்!

"தவசிண்ணே! பல்பொடின்னு செங்கப் பொடியவா விக்கிறீக? என்னையப் பாத்து எம் மாடே மெரளுது!"

தவசி பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். அதே யானை. ஆனால் உள்ளே இருந்தது அவர் பொடி இல்லை.

"இத எங்க வாங்கினீக?"

"பரவைச் சந்தையில. முத்திருளன் கடையில."

தவசி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "எவனோ செய்யிறதுக்கு நமக்குக் கெட்ட பேரு. இந்த யானையே வேணாம். நாளைக்கே தாமரைப் பூவா மாத்திருவோம்."

ஒச்சாயிக்குக் கண்ணீர் முட்டியது. "தாமரைக்குப் பல்லு ஏதுய்யா? நம்ம யானைய நம்மதான் போயி மீட்டுட்டு வரணும்!"

பொடி வாங்க வந்திருந்த வக்கீல் வெங்கட்ரமணன் சிரித்தார். "குழந்தை சொல்றது சரிதான். பல்பொடி யார் வேணா விக்கலாம். படம் மட்டும் வரைஞ்சவாளோடது. கேக்காம எடுத்துப் போடக்கூடாது. காப்பிரைட்டுன்னு அதுக்குச் சட்டமே இருக்கு. ஆனா அது உங்க யானைதான்னு நீங்க காட்டணும்."

பரவைக்குப் போக எல்லோரும் சின்னான் வண்டியில் ஏறினார்கள். வழியில் சின்னான் சிரிக்கவே கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் மாடு நடந்தது.

முத்திருளனின் மீசை அவருக்கு முன்னால் வந்து நின்றது. "யானை என்ன ஒங்க வீட்டுச் சொத்தா? கோயில் யானையப் பாத்து நானே வரைஞ்சேன்!"

ஒச்சாயி பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள். "அப்ப, முன்பல்லு ஒண்ணக் காணமே, அது எங்க மாமா?"

முத்திருளன் குனிந்து பார்த்தார். சந்தையே குனிந்து பார்த்தது. யானையின் மேல்வரிசையில் பெரிய ஓட்டை!

"அது... விழுந்துபோச்சு."

"யாருக்கு?"

மீசை இரண்டு பக்கமும் தொங்கிவிட்டது.

ஒச்சாயி "ஈ" என்று இளித்தாள். அதே வரிசை, அதே இடம், அதே ஓட்டை! "கண்ணாடியில என் வாயைப் பாத்துல்ல வரைஞ்சேன்!"

சந்தை சிரித்த சிரிப்பில் மதுரைக் கோபுரத்துப் புறாக்கள் பறந்துபோயின.

"தப்புதான் தாயி," என்றார் முத்திருளன். "எனக்கு ஒரு கோடுகூடப் போட வராது. படம் இல்லாட்டி எம் பொடிய யாரு வாங்குவா?"

அவர் முகத்தைப் பார்க்க ஒச்சாயிக்குப் பாவமாக இருந்தது. "கேட்டிருந்தா நானே வரைஞ்சு தந்திருப்பேனே! இப்ப ஒங்களுக்குன்னே வேற படம் போடுறேன். ஆனா செங்கப் பொடி கூடாது. இனிமே பல்லு செவந்தா ஒங்களத்தான் தேடி வருவாக."

முத்திருளன் சின்னானின் பல்லை ஒருமுறை பார்த்தார். "சரி தாயி," என்று யானைப் பொட்டலங்களை எல்லாம் கிழித்துப் போட்டார்.

ஒச்சாயி ஒரு கரித்துண்டை எடுத்து முதலை வரைந்தாள். பல் போட்டாள், போட்டாள், போட்டுக்கொண்டே இருந்தாள். முன்பக்கம் வாய்க்கே சரியாகப் போனதால், வால் பொட்டலத்தின் பின்பக்கம் போக வேண்டியதாயிற்று.

முத்திருளன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொங்கிய மீசை மெல்ல நிமிர்ந்தது.

"என்னையக் கேக்காம எவனாச்சும் இந்த மொதலைய எடுத்துப் போடட்டும், பாத்துக்கிறேன்!" என்று மீசையை முறுக்கிவிட்டார்.