படுக்கை ஜன்னலில் மூச்சு

பாலைவன ஊரான யூமாவுக்கு வெளியே, வண்டி வியாபாரி லமாரின் மைதானத்தில், கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் வயிற்றில் சுமந்தபடி அறுபது பழைய வீட்டு வண்டிகள் விற்பனைக்கு நின்றன. வெண்டல் வந்து சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. வாங்குபவர்களுக்காக இந்த வண்டிகளைப் பரிசோதித்துச் சொல்வது இருபத்திரண்டு வருஷமாக அவர் தொழில். கூரையில் தொடங்கித் தரையில் முடிப்பார். குறைகளை எழுதித் தருவாரே தவிர, வாங்கு என்றோ வேண்டாம் என்றோ சொல்லமாட்டார். அது அந்தத் தொழிலின் கட்டுப்பாடு.

அன்று வாங்க வந்தவள் மொரீன், ஓஹையோவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். மடக்கு நாற்காலியைப் போட்டு, காப்பிக் குடுவையோடு வண்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டை வித்தாச்சு. இனிமே இதுதான் வீடு," என்றாள். "என் வீட்டுக்காரர் டுவைட் இப்பவே கார்லயே குடிவந்துட்டாரு, பாருங்க."

காரில் டுவைட் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

"அந்தக் குறட்டையையும் சோதிக்கணும்னா தனிக் கூலி," என்றார் வெண்டல். அவள் சிரித்தாள். அவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

கூரையில் ஓட்டை இல்லை. டயர்கள் புதியவை. வெளியே புதுச் சாயம் பூசியிருந்தார்கள். எரிவாயுக் குழாயில் கசிவு இல்லை. ஹீட்டரைக் கால் மணி நேரம் ஓடவிட்டார், மீட்டர் பூஜ்யம் காட்டியது. பிறகு படுக்கையறைக்குள் போனார்.

சாய வாடை. அதற்கு அடியில், நெடுநேரம் போர்த்திக் கிடந்த போர்வையின் வாடை.

கட்டிலை ஒட்டிய ஜன்னல் மங்கியிருந்தது. ஏழு மாதமாக மழை இல்லாத பாலைவனம் அது, உதடு வெடிக்கும் காற்று. ஆனாலும் கண்ணாடியில், தலையணை உயரத்தில், அருகருகே இரண்டு ஈர வட்டங்கள். குளிர்நாளில் வாயால் ஊதினால் படியுமே, அந்த மாதிரி.

துடைத்தார். கை நனைந்தது.

வட்டங்கள் மறுபடி படிந்தன. சுருங்கின. படிந்தன.

யாரோ இருவர் மூச்சு விடுகிறார்கள்.

பயந்தால் பிழைப்பு நடக்குமா? 'ஜன்னல் ரப்பர் பழசு' என்று தாளில் எழுதிவிட்டு, சுவரில் இருந்த விஷவாயு அலாரத்தின் பொத்தானை அழுத்தினார். ஹீட்டர் பழுதானால் வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும் வாயு வரும், அதை மோப்பம் பிடிக்கும் கருவி. 'பீப்' என்றது. சரி என்று குறித்துவிட்டுத் திரும்பினார்.

பீப்.

அவர் அழுத்தவில்லை.

பீப்.

பொத்தான் உள்ளே போய் வெளியே வந்தது. விரல் எதுவும் தெரியவில்லை.

அலாரத்தைக் கழற்றினார். ஏழு வருஷம்தான் அதற்கு ஆயுள், தேதி முதுகில் இருக்கும். காலாவதியாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது. பொத்தான் சோதிப்பது சத்தத்தை மட்டும்தான், மோப்பத்தை அல்ல. தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். அவசரத்தில் எல்லோரும் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

கழற்றிய இடத்துக்குப் பக்கத்தில், ஜன்னல் சட்டத்தின் மறைவில், பச்சை ஒட்டுத்தாள் ஒன்று இருந்தது. 'சரி பார்த்தது.' ஆறு வருஷத்துக்கு முந்தைய நவம்பர். கையெழுத்து அவருடையது.

அந்த நவம்பரில் இதே வண்டியை வாங்கிய புரூயிட் தம்பதி. பீச் பழ ஜாம் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனவர்கள். அதற்குப் பிறகு அவர்களை வெண்டல் நினைத்ததே இல்லை.

ஒட்டுத்தாளை உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லமாரிடம் போனார்.

"இதுல முன்னாடி இருந்தவங்க என்ன ஆனாங்க?"

லமார் குரலைத் தாழ்த்தினான். "யூட்டா மலையில ஒரு குளிர் ராத்திரி. தூக்கத்துலயே போய்ட்டாங்க. அந்தம்மாகிட்ட உளறி வைக்காத. ஹீட்டரை அப்பவே சரிபண்ணியாச்சு."

"ஹீட்டரை முழுசா பிரிச்சுப் பார்க்கணும்."

"மீட்டர் பூஜ்யம் காட்டுதுல்ல? அப்புறம் என்னத்துக்குப் பிரிக்கணும்? காரணம் சொல்லு, பிரிக்கிறேன்."

ராத்திரி முழுக்க ஓடிச் சூடேறினால் மட்டும் வாய் திறக்கும் விரிசல்கள் உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்பும் அவர் மீட்டர் பூஜ்யம்தான் காட்டியிருந்தது. காரணம் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்துக் காட்டினால் இருபத்திரண்டு வருஷப் பெயர் அன்றோடு போகும். வெண்டல் தாளோடு மொரீனிடம் வந்தார்.

"வாங்காதீங்க," என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னார்.

"ஏன்? ஜன்னல் ரப்பரைத் தவிர எல்லாம் சரின்னு எழுதியிருக்கீங்களே."

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடைசியில், "அலாரம் பழசு," என்றார்.

"அவ்வளவுதானா? புதுசு மாட்டிக் குடுங்க. நீங்க நல்ல மனுஷர்."

தன் வண்டியிலிருந்து புது அலாரத்தை எடுத்து வந்து, தன் கையாலேயே மாட்டினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டு வீடு போனார்.

மறுநாள் காலை, அவர் தனியாகப் படுக்கும் கட்டிலின் பக்கத்து ஜன்னலில் இரண்டு வட்டங்கள் இருந்தன.

தினமும் துடைத்தார். தினமும் வந்தன.

டிசம்பரில் ஒரு மாலை மொரீன் போன் செய்தாள். மலைப்பக்கம் இருந்தார்கள், பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"வெண்டல், நீங்க மாட்டின அலாரம் சும்மா சும்மா கத்துது. ஹீட்டர் போடாதப்பவும் கத்துது. யாரோ பொத்தானை அழுத்துற மாதிரியே இருக்கு. டுவைட் கடுப்பாயி பிடுங்கி எடுத்துட்டாரு."

வெண்டல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இன்னிக்கு ராத்திரி அதுல படுக்காதீங்க. ஏதாவது லாட்ஜ் பாருங்க."

"இந்தப் பனியிலயா? ஏன், என்ன விஷயம்?"

பச்சை ஒட்டுத்தாள் மேசை இழுப்பறையில் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவள் காத்திருந்தாள்.

"பேட்டரி கோளாறா இருக்கும்," என்றார் வெண்டல். "காலையில பேசலாம்."

அன்று அவர் எப்போது தூங்கினார் என்று அவருக்கே தெரியாது. விடிந்ததும் ஜன்னலைப் பார்த்தார்.

நான்கு இருந்தன.

மொரீனின் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் நான்கு வட்டங்களும் மெல்லச் சுருங்கின, மெல்லப் படிந்தன.