கட்டு இறுகட்டும்

மரத்தொட்டிலின் கட்டு இறுகியிருந்தது. காலையில் பெர்மெட்தான் அதை அவிழ்த்துத் தொங்கவிட்டிருந்தாள். மத்தியானம் வந்து பார்த்தால், குழந்தையைத் தொட்டிலோடு சேர்த்துக் கட்டும் துணிப்பட்டை இரண்டு சுற்று சுற்றி இரட்டை முடிச்சாக நிற்கிறது, உள்ளே ஒரு குழந்தை படுத்திருப்பதுபோல. அவள் குழந்தையோ இன்னும் வயிற்றில் இருந்தது. எட்டாவது மாதம்.

லாரியோடு கணவாய் ஏறிக்கொண்டிருந்த கணவனுக்குப் போன் செய்தாள்.

"கிளம்புறப்ப நீங்க தொட்டிலைக் கட்டிட்டுப் போனீங்களா?"

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாரு," என்று சிரித்தான் உலான். "பெயிண்ட் வாசம் உனக்குத் தலைக்கேறிடுச்சு. ஜன்னலைத் திற."

நாரின் நகரத்துப் பனியில் ஜன்னலைத் திறக்கச் சொல்ல அவனால்தான் முடியும். அவள் முடிச்சை அவிழ்த்தாள். உடனே வயிற்றுக்குள் ஓர் உதை விழுந்தது. காலையிலிருந்து குழந்தை அசையவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பிள்ளை பிறக்குமுன் அறை சோடிக்கக் கூடாது என்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளும் சொல் தட்டாமல் ஒரு காலுறைகூட வாங்காமல் இருந்தாள். அந்தக் குழந்தை ஏழாம் மாதம் மூச்சில்லாமல் வந்தது. சாத்திரம் பார்த்து என்ன கண்டோம் என்ற ஆத்திரத்தில் இம்முறை அறைக்கு மஞ்சள் அடித்தாள், திரை தைத்தாள், செம்மறிக்குட்டித் தோல் விரித்தாள். ஒன்றே ஒன்றில்தான் ஊர்ப் பேச்சைக் கேட்டாள். பல பிள்ளைகள் வளர்ந்த தொட்டில் ராசி என்று பழைய சந்தையில் ஒன்றை வாங்கினாள். ஏழு பிள்ளைகள் படுத்தது என்றான் விற்றவன். தொட்டில் வாங்குகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் வாழ்த்தைத்தான் அவனும் சொன்னான். "கட்டு இறுகட்டும், மகளே."

மறுநாள் காலை கட்டு மறுபடி இறுகியிருந்தது. வயிற்றில் குழந்தை கல்லாகக் கிடந்தது. அவிழ்த்தாள், உதைத்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. பெயிண்ட் வாசத்துக்கு அடியில் வேறொரு வாசம் கசியத் தொடங்கியிருந்தது, மழையில் நனைந்த களிமண்போல, குளிருக்கு அறையைச் சூடாக்கும் வெந்நீர்க்குழாய் சூடேற ஏற அறையெங்கும் பரவி, மஞ்சள் திரையிலும் அவள் கூந்தலிலும்கூட ஏறிக்கொண்டு விடாமல் நின்றது.

நான்காம் நாள் சாயங்காலம் மாமியார் சோனுன், கெட்டது அண்டாமல் அறைக்குப் புகை போட ஜூனிபர் இலைக்கொத்தோடு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அடியே, தொட்டிலுக்கு எதுக்குடி பெயிண்ட் அடிச்ச?"

"ஒரு பக்கம் வெளுத்து நரைச்சிருந்துச்சு, அத்தை."

"ஒரு பக்கம் மட்டுமா?"

"ஆமா. மூத்திரம் இறங்குற மரக்குழலுக்குள்ள மண்ணு வேற அடைச்சிருந்துச்சு. குச்சி வச்சு நோண்டித்தான் எடுத்தேன்."

சோனுன் கையிலிருந்த கொத்து கீழே விழுந்தது. குழந்தை செத்த தொட்டிலை யாரும் வீட்டில் வைப்பதில்லை, இடுகாட்டு மேட்டுக்குக் கொண்டுபோய்க் கல்லறை மேலேயே கவிழ்த்துவிட்டு வருவார்கள். வெயில் ஒரு பக்கத்தைத் தின்னும், மண் மறுபக்கத்தில் ஏறும். எவனோ ஒருவன் அங்கிருந்து தூக்கி வந்து விற்றிருக்கிறான். பெரியவர்களுக்குப் பார்த்ததும் தெரிகிற அந்த அடையாளத்தை இவள் தேய்த்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டாள்.

"நான் போய் ஆம்பளைங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன், இப்பவே மேட்டுல விட்டுரணும். படியெல்லாம் ஐஸு, நீ இறங்காத. அடுப்படியிலயே இரு. எது கேட்டாலும் அந்தக் கதவைத் திறக்காத, தாயி."

மதியத்திலிருந்து குழந்தை அசையவில்லை என்பதை மட்டும் பெர்மெட் சொல்லவில்லை. இதுவும் போயிற்றா என்று யாராவது கேட்டால் தாங்க மாட்டாள்.

மாமியாரின் பூட்ஸ் சத்தம் நான்கு மாடியும் இறங்கித் தேய்ந்தது. வெளிச்சம் ஜன்னலில் நீலமாகிக்கொண்டிருந்தது. அப்போது மூடிய அறைக்குள் தொட்டிலின் வளைகால் தரையில் உருளும் சத்தம், மெல்ல, ஒரே தாளத்தில், பொறுமையான கை ஒன்று ஆட்டுவதுபோல.

வயிற்றைத் தட்டினாள். ஒன்றுமில்லை. சர்க்கரை போட்டுத் தேநீர் குடித்தாள். இடப்பக்கம் சரிந்து படுத்தாள். ஒன்றுமில்லை.

"அசைடா தங்கம். ஒரே ஒரு தடவை."

அசையவில்லை.

அவிழ்த்தால் உதைக்கும். எப்போதும் உதைத்தது. அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும்.

எழுந்தாள். கதவைத் திறந்தாள்.

ஆட்டம் நின்றது.

மண் வாசம். மஞ்சள் சுவர்கள் மங்கிக் கிடந்தன. தொட்டிலின் மேல் போர்வை இழுத்து மூடியிருந்தது. அவள் மூடவில்லை. நெஞ்சுப் பக்கம் ஒரு கட்டு. முழங்கால் பக்கம் ஒரு கட்டு. இரண்டும் மரத்தில் பதியும்படி இறுகியிருந்தன.

மண்டியிட்டாள். நகம் உடைந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். முதல் முடிச்சு அவிழ்ந்தது.

கீழே வாசலில் ஆண்களின் குரல்கள். மாமியாரின் குரல்.

இரண்டாவது முடிச்சு.

ஒரு கையை வயிற்றில் அழுத்தி வைத்துக்கொண்டு மறு கையால் இழுத்தாள். அவிழ்ந்தது.

உதை விழுந்தது.

வயிற்றில் இல்லை. போர்வைக்கு அடியில்.