தொண்ணூற்றொன்பது வயதுப் புல்வெளி

பனி இறங்கிய புல்லில் ஒரே ஓர் இடம் மட்டும் காய்ந்திருந்தது. விடிய விடிய யாரோ சம்மணம் போட்டதுபோல அகலமாக ஒரு பள்ளம், தொட்டால் வெதுவெதுப்பு, சுற்றிலும் ஒரு காலடிகூட இல்லை.

"நாய் படுத்திருக்கும்" என்றார் எஸ்டேட் ஆபீசர் கோதண்டராமன்.

"நாய் எங்க சார் சம்மணம் போட்டுகினு குந்தும்?" என்றார் தோட்டக்காரர் தனகோடி.

அது 2003. செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கம், ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கே வயது எட்டு; அதன் 'வரலாற்றுச் சிறப்புமிக்க நடுப்புல்வெளி'க்கு மட்டும் தொண்ணூற்றொன்பது. வேந்தர் அப்படி விரும்பினார். வேந்தர் விரும்பினால் வரலாறு கை கட்டி நிற்காதா? ஓசூரிலிருந்து மூன்று லாரியில் புல் வந்தது. கல்வெட்டு வந்தது. அதில் பொறிக்க, 1904-இன் முதல் மாணவர்கள் நாற்பது பேருக்கு, ஒரு டீ ஆறுவதற்குள் கோதண்டராமனே பெயர் வைத்தார், இனிஷியல் உட்பட. வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு. புல்லில் ஒரு சொட்டை தெரிந்தாலும் வேலை போய்விடும் என்று வேந்தர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

செவ்வாய், ஒன்பது பள்ளம். புதன், இருபத்தாறு, வரிசையாக, எல்லாம் கல்வெட்டைப் பார்த்து. தண்ணீர் பீய்ச்சினாலும் ஈரமண்ணுக்கு மேலே தேங்காயெண்ணெயும் வியர்வையும் மசியும் கலந்த ஒரு நெடி எழுந்தது. சாலையின் லாரி இரைச்சல் புல்லின் விளிம்போடு நின்றுவிட, உள்ளே பல பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் சத்தம்.

வியாழன், தனகோடி எண்ணினார். "நாப்பது சார். ரோலரு ஏறல. முட்டிகினு நிக்குது."

"எதுமேல?"

"நீயே தள்ளிப் பாரு சார். நான் வூட்டுக்குப் போறேன்."

உட்கார்ந்தவர் யாரும் எழுந்து போகவேயில்லை. கோதண்டராமனுக்கு அப்போதுதான் புரிந்தது.

வெள்ளி, காலை பதினொன்று. நல்ல வெயில். குழுவுக்கு முன்னால் வேந்தர் கைகளை விரித்தார்: "நூற்றாண்டை நோக்கி நடைபோடும் புல்வெளி!" குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மாட்டினால் பள்ளங்கள் தெரிந்துவிடும்.

எழுந்து தொலைங்களேன்டா. மனசுக்குள்தான் சொன்னார் கோதண்டராமன்.

புல் நிமிர்ந்தது. நாற்பது இடத்திலும். ஒரே சமயத்தில்.

"பேஷ்! ஒரு குறையில்லை" என்றார் தலைவர். வேந்தர் கோதண்டராமனின் முதுகில் தட்டினார். வேலை தப்பியது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

அவரால் நகர முடியவில்லை.

புல் மறுபடி அமுங்கியது. இரண்டு பாதம். பக்கத்தில் இரண்டு. விரல் நுனிகள், பெயர் வைத்த அவர் பக்கம்.

காற்றில்லை.

ஓர் அடி. இன்னோர் அடி. எண்பது பாதங்கள்.

முதல் வரிசை அவர் காலடியில் நின்றது. அவருடைய ஷூவின் தோல் மிதிபட்டு மெல்ல அமுங்கியது. பிறகு முழங்கால். பிறகு தோள்.

அடுத்த வரிசை நகர்ந்தது.