கழற்றி வைத்த காதோதி

காலை எட்டு மணிக்கு நறுமுகை மாடிப்படி இறங்கும்போது கீழ்வீட்டுக்காரர் எதிரே வந்தார். 'முகத்தைப் பாருங்கள். சிரியுங்கள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்,' என்றது அவள் காதுக்குள் இருந்த காதோதி. பார்த்தாள், சிரித்தாள், கேட்டாள். அவர் வலியை விவரிக்கத் தொடங்கிய மூன்றாவது விநாடியில் 'அடடா என்று சொல்லுங்கள்,' என்றது. சொன்னாள். 'போதும், கிளம்பலாம்,' என்றது. பேருந்து நிறுத்தம் போய்ச் சேர்வதற்குள் இப்படி நான்கு பேரைக் கடந்தாள். தங்கமான மனுஷி என்று அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர்.

அரசாணையில் அந்தக் கருவிக்கு உரையாடல் நெறியாளி என்று நீட்டி முழக்கிப் பெயர் வைத்திருந்தார்கள். விற்றவர்கள் ஸ்பீச் கைடு என்றார்கள். கோயம்புத்தூர் மக்கள் இரண்டையும் சீந்தவில்லை. அவர்களுக்கு அது காதோதிதான். உளுந்து அளவு இருக்கும். ஆறு வயது நிரம்பிய எல்லோரும் அணிய வேண்டும், கழற்றினால் அபராதம். வாய்ச்சண்டை பாதியாகக் குறைந்துவிட்டதாக ஆண்டுதோறும் அறிக்கை வந்தது. ஆனால் காதோதி தனக்கு என்ன சொன்னது என்று அடுத்தவரிடம் பேசுவது மட்டும் மகா அநாகரிகம். புருஷன் பெண்டாட்டிகூடப் பேசிக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் ஐம்பத்தோரு வயதுவரை நறுமுகைக்குத் தன் விஷயம் தெரியாமலே போனது.

போன ஆனி மாதம் ஏதோ கோளாறில் நகரத்துக் காதோதிகள் எல்லாம் மூன்று மணி நேரம் ஊமையாகிவிட்டன. அவள் அப்போது மழைநீர்ப் பங்கீட்டு அலுவலகத்தில், தன் மேசையில் இருந்தாள். எதிரே ஒருவர் தொட்டி அளவைப் பற்றி ஏதோ கேட்டார். அவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. ஊரே இப்படித் திகைத்து நிற்கும் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தாள். யாரும் திகைக்கவில்லை. எல்லோரும் வழக்கம்போல வம்பளந்துகொண்டிருந்தார்கள். அவள் கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு மிச்ச நேரத்தைக் கழித்தாள்.

மாலையில் பக்கத்து மேசை ரஷீதாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டாள். "தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு அது ஒரு நாளைக்கு எத்தன தடவ சொல்லும்?"

ரஷீதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னங்க, இதெல்லாம் போய் கேட்டுக்கிட்டு. நாலஞ்சு தடவ இருக்கும். சாவு வீடுன்னா கொஞ்சம் கூட."

மறுநாள் நறுமுகை தன்னுடையதை எண்ணினாள். ஆயிரத்து நூற்று நாற்பது.

டாக்டர் தேவநேசன் அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "ஆட்டிசமான்னு கேட்டு இந்த ஊர்ல நாப்பத்தஞ்சு வருஷமா யாரும் வந்ததில்லீங்க. மதியிறுக்கம்னு புத்தகத்துல மட்டுந்தான் இருக்கு. காதோதி வந்ததுக்கப்புறம் யாரும் யாருக்கும் வித்தியாசமாத் தெரியறதில்லையே. இந்த வயசுல எதுக்குங்க?"

"சான்றிதழ் இருந்தா இதக் கழட்டி வெக்கலாமுங்களே." காதோதி அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தது. அவள் அதைத் தள்ளிவிட்டுத் தானே தேடினாள். நேரம் பிடித்தது. "நான் யாருன்னு எனக்கு ஒருதடவயாச்சும் தெரியணுமுங்க."

அதற்கு ஒரு நடைமுறை இருந்தது. காதோதியின் பதிவைத் திறந்து, எது அது சொல்லிக்கொடுத்தது, எது அவளாகவே செய்தது என்று டாக்டர் பிரித்துப் பார்க்க வேண்டும். நெருங்கிய உறவினர் ஒருவர் உடனிருந்து கேட்டுக் கையெழுத்திட வேண்டும். நறுமுகைக்கு இருந்தது ஒரே மகள். ஆதிரை ஓசூரிலிருந்து ரயிலேறி, அம்மாவுக்கு ஏதோ டெஸ்ட் என்ற நினைப்பில் வந்து உட்கார்ந்தாள்.

பதிவிலிருந்து டாக்டர் எடுத்துப் பார்த்த நாள், நறுமுகையின் கணவர் மதிவாணன் வீட்டில் இறந்துபோன நாள். அப்போது ஆதிரைக்குப் பதினேழு வயது. 'அப்பா எங்கயும் போகல கண்ணு. நீ சிரிக்கறப்பெல்லாம் வருவாரு,' என்று அன்று அம்மா அவளை அணைத்துச் சொன்னாள். இந்த ஆறு வருஷமும் அந்தப் பெண் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினாள்.

"இது காதோதி சொல்லிக்குடுத்தது," என்றார் டாக்டர், திரையைப் பார்த்தபடி. "அணைச்சதும் அது சொல்லித்தான்."

ஆதிரை அம்மாவைப் பார்த்தாள். நறுமுகை தரையைப் பார்த்தாள்.

"அதுக்கு முன்னாடி ஒரு நாப்பது நிமிஷம் இருக்குங்க. 'மகளிடம் போங்கள்'னு பதினேழு தடவ சொல்லியிருக்கு. நீங்க போகல. அப்ப என்ன செஞ்சுட்டிருந்தீங்க?"

"அவரு காலப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேனுங்க. சூடு போயிட்டே இருந்துச்சு. முழுசாப் போறவரைக்கும் விட மனசு வரல."

"நான் பக்கத்து ரூம்ல தனியா அழுதுட்டிருந்தேன்," என்றாள் ஆதிரை, டாக்டரிடம். அம்மாவிடம் சொல்லவில்லை.

சந்தேகத்துக்கே இடமில்லை என்று சொல்லி டாக்டர் கையெழுத்திட்டார். ஆதிரையும் இட்டாள். சான்றிதழைக் கையில் வாங்கியதும் நறுமுகைக்கு அழுகை வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த அழுகை. கெட்டவளும் இல்லை, மக்கும் இல்லை, தனக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கிறது என்பதில் நெஞ்சு லேசானது. அந்தச் சந்தோஷத்தை மகளிடம் காட்டத் திரும்பினாள். ஆதிரை வாசலுக்குப் போய்விட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நறுமுகை காதோதியைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். காது கனமின்றி இருந்தது. மின்விசிறிச் சத்தம் தனியாகக் கேட்டது. எதிரே ஆதிரை நகத்தைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அன்னைக்கு எனக்குப் பயமா இருந்துச்சு கண்ணு," என்றாள் நறுமுகை. சொந்தமாகச் சேர்த்த வார்த்தைகள்; ஒவ்வொன்றுக்கும் மூச்சு வாங்கியது. "அவரத் தனியா உட முடியல."

"அப்பாவப் பத்திச் சொல்ற. என்னப் பத்தி?"

பதில் உள்ளே எங்கோ இருந்தது. அது வருவதற்கு வழி தெரியாமல் நின்றது. "இருக்குது கண்ணு. கொஞ்சம் நேரம் குடு. வரும்."

ஆதிரை காத்திருந்தாள். பாவம், நிஜமாகவே காத்திருந்தாள். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்தாயிற்று. அம்மாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பழக்கமான அந்த முகம் எதிரே இருந்தும் அவளுக்கு யார் வீட்டிலோ உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. உதடு கோணிக்கொண்டு வர, அவள் மேசையிலிருந்த காதோதியை எடுத்து நீட்டினாள்.

"எனக்கு மனசு சரியில்ல," என்றாள். "மனசு சரியில்லைன்னா நான் எங்கம்மாட்டத்தான் சொல்லுவேன். இதப் போட்டுக்கோ. கொஞ்ச நேரம்தான்."

நறுமுகை வாங்கிப் பொருத்திக்கொண்டாள்.

'எழுந்து அருகில் போங்கள். தலையை உங்கள் மார்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இருக்கேன் கண்ணு என்று சொல்லுங்கள்.'

போனாள், சேர்த்துக்கொண்டாள், சொன்னாள். "அம்மா," என்று உடைந்து அழுதாள் ஆதிரை. ஆறு வருஷத்துக்கு முன் அழுத அதே அழுகை. அதைக் கேட்டதும்தான் நறுமுகைக்குப் பதில் வந்து சேர்ந்தது. அந்த நாற்பது நிமிடமும் கதவுக்கு அந்தப் பக்கம் உன் அழுகை எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது, நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். முழுசாக, அவளுடையதாக, நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

'இனி எதுவும் பேச வேண்டாம்,' என்றது காதோதி.

மகள் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். நறுமுகை பேசவில்லை.